முழங்காலுக்குக் கீழே

சாவி கிருபனின் காற்சட்டைப் பைக்குள் இருந்தது. ஆனாலும் பொனட்டுக்குள் ரிலே இரண்டு தரம் டிக், டிக் என்றது.

அவன் கையில் இருந்த துணியைப் போட்டுவிட்டுக் காது கொடுத்தான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். கட்டடத்துக்குக் கீழே இருக்கும் அந்தக் கார்த் தரிப்பிடத்தில் வேறு ஒருவரும் இல்லை. சீமெந்தும் பழைய டயரும் ஈரமும் சேர்ந்த ஒரு மணம், மேலே யாரோ குளிக்கிற தண்ணீர் குழாய்க்குள்ளால் இறங்கி ஓடும் சத்தம், அவ்வளவுதான். ரிலே என்பது தீப்பெட்டி அளவில் ஒரு கறுப்புப் பெட்டி. சுவிட்சை அழுத்தினால் உள்ளே ஒரு சின்னத் தகடு ஒட்டும், விளக்குக்குக் கரண்ட் போகும், அப்போது டிக் என்று கேட்கும். சுவிட்சை யாரும் அழுத்தவில்லை.

டயர்க் கடையில் வேலை செய்யும் லக்ஷ்மணனுக்குப் போன் எடுத்தான். இந்த வயரிங் முழுவதையும் வட்ஸ்அப்பில் கீறிக் கொடுத்தவர் அவர்தான்.

"அண்ணை, சாவி போடாமலே ரிலே அடிக்குது."

"சுவிட்சுக்கு எதில இருந்து எடுத்தனி? முப்பதோ, பதினைஞ்சோ?"

கம்பிகளுக்கு ஜெர்மன்காரன் வைத்த நம்பர்கள் அவை. முப்பதில் எந்த நேரமும் கரண்ட் இருக்கும். பதினைந்துக்குச் சாவியைத் திருப்பினால்தான் உயிர் வரும்.

"பதினைஞ்சில இருந்துதான்."

"அப்ப அடிக்க ஏலாது."

"அடிச்சது அண்ணை."

"காலமை தொடக்கம் சாப்பிடாம வயர் இழுத்திருப்பாய். பசியில காது அடைச்சிருக்கும். மேல போய்ச் சோத்தைத் தின்."

கிருபன் சிரித்தான். ஆனால் போகவில்லை. பம்பருக்குக் கீழே, மூடுபனிக்கென்று தான் பூட்டிய இரண்டு ஃபொக் லைட்டுகளையும் குனிந்து பார்த்தபடி இன்னும் கொஞ்ச நேரம் நின்றான்.

அந்த லைட்டுகள் ஆடம்பரத்துக்கு வாங்கியவை அல்ல. மகள் ஹரிஷாவுக்கு ஆறு வயது. அவர்கள் ஊரை விட்டுக் குடியேறிய இந்த நாட்டு வழக்கப்படி பள்ளிக்குத் தனியாகத்தான் நடந்து போகிறாள். காரில் கொண்டுவந்து இறக்க வேண்டாம், பிள்ளை நடந்து பழகட்டும் என்று ரீச்சர் கடிதமே அனுப்பியிருந்தார். அவள் கடக்கும் மஞ்சள் கோட்டுப் பாதசாரிக் கடவையால்தான் கிருபனும் ஏழரைக்கு ஏரிக்கரை ஹோட்டலின் சமையலறைக்குக் காரில் போவான். போன கிழமை அவர்கள் இருக்கும் துன் நகரம் முழுவதையும் மூடுபனி விழுங்கியிருந்த ஒரு காலையில், அவன் பிரேக்கை மிதித்தபோது பம்பருக்கு ஒரு முழம் முன்னால் பள்ளிப் பிள்ளைகள் மாட்டும் ஒரு சின்ன ஒளிர்பட்டி நின்றது. பட்டிக்குள் நின்றது அவனுடைய பிள்ளை. அவளுக்கு அப்பாவின் கார் என்று தெரியவில்லை, கையை ஆட்டிவிட்டுப் போனாள். மனைவி நிரஞ்சினிக்கு அதை அவன் சொல்லவில்லை. அன்றிலிருந்து கண்ணை மூடினால் அந்த ஒரு முழம்தான்.

"பெரிய லைட் பனியில பட்டுத் திரும்பி உன்ர கண்ணிலதான் அடிக்கும்," என்று லக்ஷ்மணன் சொல்லியிருந்தார். "இது பனிக்குக் கீழால போகும். தலை தெரியாது, கால் தெரியும். கால் தெரிஞ்சாக் காணும்."

திங்கட்கிழமை மூடுபனி இறங்கியிருந்தது. விடிந்தும் விடியாத சாம்பல் வெளிச்சம். கிருபன் சுவிட்சை அழுத்தினான். லக்ஷ்மணன் சொன்னது சொன்னபடிதான் இருந்தது. மேலே சுண்ணாம்பு பூசிய சுவர் போல வெள்ளை. கீழே, முழங்கால் உயரத்துக்கு, தெரு துடைத்து வைத்தாற்போலத் தெரிந்தது. நனைந்த இலைகள், தெருவோரக் கல், சாக்கடை மூடி. அவனுக்குச் சந்தோஷமாக இருந்தது.

கடவையில் இரண்டு கால்கள் நின்றன.

வெறுங்கால்கள். வளர்ந்த ஆளின் கால்கள். கணுக்கால் வரை சேறு காய்ந்திருந்தது, ஒரு நாளும் சப்பாத்துப் போடாத கால்களைப் போல விரல்கள் அகன்று கிடந்தன. கார்த்திகை மாதக் குளிரில், இந்த நாட்டில், வெறுங்காலோடு யார் நிற்பார்கள் என்று யோசிக்க அவனுக்கு நேரமிருக்கவில்லை. ஏற்கனவே பிந்திவிட்டது. கை தானாகப் போய்ச் சுவிட்சை இரண்டு தரம் தட்டியது. மட்டக்களப்பு வீதியில் எட்டு வருடம் லொறி ஓட்டிய கை அது. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்.

கால்கள் தெருவில் இறங்கின.

அவன் பிரேக்கை மிதித்தான். கால்கள் அவசரப்படாமல் நடந்து வந்து, கடவையின் நடுவில் நின்று, காரின் பக்கம் திரும்பின. பத்து விரல்களும் அவனைப் பார்த்தன. பிறகு அவன் பக்கமாக விலகி வெளிச்சத்தை விட்டு வெளியேறின. அவனுடைய கண்ணாடியோடு ஒட்டித்தான் அந்த ஆள் போயிருக்க வேண்டும். கண்ணாடிக்கு வெளியே வெள்ளை மட்டும் இருந்தது. இடுப்பில்லை, கையில்லை, முகமில்லை. பின்னங்கதவின் பிடியை மட்டும் யாரோ ஒரு தரம் இழுத்துப் பார்த்தார்கள்.

அன்று பின்னேரம் லக்ஷ்மணனிடம் சொன்னான். கண்ணாடியையும் கதவுப் பிடியையும் சொல்லவில்லை. யாரோ குறுக்கே இறங்கிவிட்டார்கள் என்று மட்டும் சொன்னான்.

"நீ என்ன செய்தனி?"

"லைட் அடிச்சனான். நில்லு, நான் வாறன் எண்டு."

லக்ஷ்மணன் விழுந்து விழுந்து சிரித்தார். "அட விசரா, அது ஊரில. இஞ்ச லைட் அடிச்சா நீ வா எண்டெல்லோ அர்த்தம். நீ கூப்பிட்டனி, அந்தாள் வந்திட்டுது. பிறகு அந்தாளில என்ன பிழை?"

கிருபனும் இரண்டு வருடத்துக்கு முன் லைசன்ஸ் எடுக்கும்போது படித்ததுதான். தலைக்குத் தெரியும். கைக்குத் தெரியவில்லை. போனை வைத்த பிறகு அந்தச் சொல் அவன் நெஞ்சில் கல்லாக இறங்கியது. கூப்பிட்டிருக்கிறேன்.

செவ்வாய் வெயில் எறித்தது. அவன் தன்னைத் தானே கேலி செய்துகொண்டான். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய், உனக்கு வெளுத்ததும் பேய் என்று முகம் பார்க்கும் கண்ணாடி முன் சொல்லிப் பார்த்தான். புதன்கிழமை மறுபடியும் பனி. கால்கள் கடவையில் இல்லை. அவனுடைய கட்டடத்தின் வாசலில், குப்பை வாளிகளுக்குப் பக்கத்தில், உள்ளே பார்த்தபடி நின்றன. குதிகள் மட்டும் வெளிச்சத்தில். சேறு காயவில்லை. புதுச் சேறு.

அவன் லைட் அடிக்கவில்லை. ஹோர்ன் அடிக்கவில்லை. கடந்து போகும்போது மூச்சும் விடவில்லை. வேலையில் உருளைக்கிழங்கு சீவும்போது கத்தி வழுக்கிப் பெருவிரலை வெட்டியது. பள்ளி முடிந்து ஹரிஷா வீட்டுக்கு வந்துவிட்டாளா என்று நிரஞ்சினிக்கு நாலு தரம் போன் எடுத்தான்.

"உங்களுக்கு என்ன நடந்தது?" என்று நிரஞ்சினி கேட்டாள். "பிள்ளை இஞ்ச இருந்து படம் கீறுறாள்."

"கதவைப் பூட்டி வை."

"ஏனப்பா?"

முதியோர் இல்லத்தில் நாள் முழுக்கக் கிழடுகளைத் தூக்கிக் கிடத்திவிட்டு வருகிறவளுக்கு, நான் ஒன்றைக் கூப்பிட்டுவிட்டேன், அது நடந்து வந்துகொண்டிருக்கிறது என்று எப்படிச் சொல்வது?

வியாழன் வேலை முடிந்து வந்து காரை நிறுத்தியபோது தரிப்பிடத்தில் சேற்று மணம். மழை பெய்த வயலில் இருந்து வருவதைப் போன்ற மணம், சீமெந்துக்குப் பொருந்தாத மணம். அவன் காரை விட்டு இறங்கினான். நிலத்தில் ஈரக் காலடிகள். அவனுடைய இடத்தில் தொடங்கி நேராக லிஃப்டுக்குப் போயின. திரும்பி வந்த அடி ஒன்றும் இல்லை. லிஃப்டுக்குள் எட்டிப் பார்த்தான். மூன்றாம் மாடிப் பொத்தானில் சேறு. அவனுடைய மாடி.

படிகளால் ஓடினான். வீட்டில் ஒன்றுமில்லை. ஹரிஷா பல் தீட்டிக்கொண்டிருந்தாள். நிரஞ்சினி புட்டு அவித்திருந்தாள். வீட்டுக்குள் சேற்று மணம் இல்லை. அதுதான் அவனுக்கு இன்னும் பயமாக இருந்தது. எங்கே நிற்கிறது என்று தெரியாது. இந்த வீட்டின் வெளிச்சம் முழுவதும் மேலிருந்துதான் விழுகிறது, அந்தக் கால்களைக் காட்டாது.

கீழே இறங்கி ஃபொக் லைட்டின் ஃபியூஸைப் பிடுங்கிச் சேர்ட் பைக்குள் போட்டான். கூப்பிடுகிற வாயை அடைத்தாகிவிட்டது என்று நினைத்தான். அன்றிரவு மகளின் அறை வாசலில் பாயைப் போட்டுப் படுத்தான். தூங்கவில்லை.

வெள்ளிக்கிழமை ஜன்னலைத் திறந்தால் எதிர்க் கட்டடம் இல்லை. நிரஞ்சினி ஐந்தரைக்கே வேலைக்குப் போய்விட்டாள். பிள்ளையை அவன் தனியாக விடப் போவதில்லை.

"காரில ஏறு, மகள்."

"ரீச்சர் ஏசுவா அப்பா. பிள்ளையளும் எல்ட்டர்ன்டாக்ஸி எண்டு சிரிப்பினம்." பெற்றோர் டாக்ஸி. காரில் வந்து இறங்கும் பிள்ளைகளை இங்கே அப்படித்தான் கேலி செய்வார்கள்.

"சிரிக்கட்டும்."

பெரிய லைட்டை மட்டும் போட்டு ஊர்ந்து போனான். வெள்ளைக்குள் வெள்ளை. தெரு தெரியவில்லை. கடவையில் அவன் காரை நிறுத்தவில்லை, ஒரு சத்தமும் கேட்கவில்லை. பள்ளியின் முன்னால் தெருவோரக் கல்லில் டயர் உரசியது. பள்ளி வாசல் எதிர்ப் பக்கம். பத்து அடிதான். பிள்ளைகளின் சத்தம் கேட்டது. ஒரு ரீச்சரின் குரல் கேட்டது. அவனுக்கு உயிர் வந்தது.

"நில்லு, நான் வந்து கூட்டிக்கொண்டு போறன்."

அவன் பெல்ட்டைக் கழற்றுவதற்குள் பின் கதவு திறந்து மூடியது. சிரிக்கப் போகும் பிள்ளைகள் காணும் முன் ஓடிவிட வேண்டும் அவளுக்கு.

ரிலே, டிக் என்றது.

அவன் கை சேர்ட் பையைத் தடவியது. ஃபியூஸ் அங்கேதான் இருந்தது. ஃபொக் லைட்டுகள் எரிந்தன. பனிக்குக் கீழே தெரு தெளிவாகத் தெரிந்தது. ஹரிஷாவின் நீலப் பூட்ஸ்கள் காரின் முன்னால் குறுக்கே போய்க்கொண்டிருந்தன.

அவற்றுக்குப் பக்கத்தில் வெறுங்கால்கள்.

ஒரே நடை. அவள் இடது வைத்தால் அதுவும் இடது. அவள் குட்டி அடி வைத்தால் அதுவும் குட்டி அடி.

டிக், டிக். லைட்டுகள் அணைந்து எரிந்தன. அணைந்து எரிந்தன. வா.

பூட்ஸ்கள் நின்றன. திரும்பின. நீல நுனிகளும் சேற்று விரல்களும் தொட்டுக்கொண்டு நின்றன. பிறகு பூட்ஸ்கள் தரையை விட்டு மேலே எழும்பின.

கிருபன் கதவைத் தள்ளிக்கொண்டு பாய்ந்தான். ஹரிஷா. ஹரிஷா. காரின் முன்னால் கைகளை வீசினான். குளிர் மட்டும் அகப்பட்டது. வலப்பக்கம் வெள்ளை. இடப்பக்கம் வெள்ளை. பள்ளி மணி அடித்தது, பிள்ளைகளின் சத்தம் உள்ளே போய் அடங்கியது.

"அப்பா, போறன்," என்று அவள் குரல் கேட்டது. தூரத்தில். அழுகையில்லை.

அவன் முழங்காலில் விழுந்தான். கன்னத்தைத் தாரில் வைத்து, வெளிச்சம் போகும் உயரத்துக்குக் கண்ணை இறக்கிப் பார்த்தான். வெறுங்கால்கள் தெருவின் நடுவால், ஏரிப் பக்கமாக, அவசரமில்லாமல் நடந்துகொண்டிருந்தன. இடுப்பில் பிள்ளையைத் தூக்கி வைத்திருக்கும் ஒருவரின் கால்களைப் போல ஒரு பக்கம் பாரமாக ஊன்றி நடந்தன. அந்தப் பக்கம், முழங்காலுக்குப் பக்கத்தில், இரண்டு நீலப் பூட்ஸ்கள் தொங்கின.

அவள் கால்களை ஆட்டிக்கொண்டு போனாள்.