நாலாவது நீல டிக்!

அலறல்!

பசுவந்தனை ரோட்டோரக் காட்டில் பருத்தி எடுத்துக்கொண்டிருந்த வெயிலம்மாள் போட்ட அலறலில், ரோட்டில் போன மினி பஸ்ஸே நின்றுவிட்டது.

கரிசல் மண்ணில் ஓர் ஆண் மல்லாந்து கிடந்தான்.

கழுத்தில் அருகருகே இரண்டு ஓட்டைகள். சட்டை முழுக்க ரத்தம் காய்ந்து கறுத்திருந்தது. ஈக்கள்!

வெயிலம்மாள் அலறியது அதற்காக அல்ல.

அவன் உதடுகள்...

கறுப்பு நூலால் தைக்கப்பட்டிருந்தன!

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு இன்ஸ்பெக்டர் ராமலட்சுமியின் ஜீப் அங்கே வந்து நின்றது. பின்னாலேயே சப் இன்ஸ்பெக்டர் ஷேக் பரீத் இறங்கினார்.

"மூணாவது பாடி மேடம்! ஒம்பது நாள்ல மூணு!"

"எண்ணிக்கை எனக்கும் தெரியும் பரீத். ஆள் யாரு?"

"மணிகண்டபிரபு. கோவில்பட்டியில லேத் பட்டறை வச்சிருக்கான். போனைக் காணோம்."

ராமலட்சுமி குனிந்தாள். உதட்டைப் பார்த்தாள். பன்னிரண்டு தையல். ஒன்றுக்கொன்று நூலிழை வித்தியாசம் இல்லை.

"முதல் ஆளு ஹரிஹரசுதன், கழுகுமலை தீப்பெட்டி ஆபீஸ் கணக்கர். ரெண்டாவது சதீஷ்குமார், வேன் டிரைவர். இப்ப லேத்துக்காரன். மூணு பேருக்கும் ஒருத்தரை ஒருத்தர் தெரியாது. ஆனா மூணு பேருக்கும் ஒரே மாதிரி தையல்!"

"முதல் ரெண்டு பாடியைப் பத்தி டாக்டர் என்ன சொன்னாரு மேடம்?"

"கத்தி இல்லையாம். பெரிய கத்திரிக்கோல். லேசா விரிச்சு வச்சுக் குத்தியிருக்கு. அதான் ரெண்டு ஓட்டை."



ஓர் ஆட்டோ வந்து நின்றது. மணிகண்டபிரபுவின் மனைவி காளீஸ்வரி இறங்கி ஓடி வந்தாள். பெண் போலீஸ் இருவர் பிடித்துக்கொண்டார்கள்.

"ஐயோ... என் ராசா வாயை ஏன் தச்சிருக்கு? யாரை என்ன பேசினாவ அவிய? ஒரு வார்த்தை அதிர்ந்து பேச மாட்டாவளே!"

அழுகை கொஞ்சம் அடங்கும்வரை ராமலட்சுமி பொறுத்தாள்.

"அம்மா... உங்க வீட்டுக்காரர் 'கரிசல் செய்தி' வாட்ஸ்அப் குரூப்ல இருந்தாரா?"

காளீஸ்வரி மூக்கைத் துடைத்துக்கொண்டே தலையாட்டினாள்.

"காலையில எந்திரிச்சதும் அதைத்தான் பார்ப்பாவ. ஆனா ஒரு எழுத்து டைப் பண்ண மாட்டாவ மேடம். 'நமக்கு எதுக்கு வம்பு'ன்னு படிச்சிட்டு வச்சிருவாவ."

ராமலட்சுமி நிமிர்ந்தாள்.

"முன்னாடி செத்த ரெண்டு பேரு வீட்லயும் இதே பதில்தான் பரீத்! ஊர்ல எண்ணூறு பேரு இருக்கிற குரூப். அதுல சண்டை போட்டவன், திட்டினவன் எல்லாம் நல்லா இருக்கான். வாயே திறக்காம வேடிக்கை பார்த்தவன் மட்டும் சாகுதான்! ஏன்?"

பரீத் தன் போனைச் சட்டைப் பைக்குள் தள்ளினார். ராமலட்சுமியே தொடர்ந்தாள்.

"குரூப் அட்மின் யாரு?"

"கொம்பையா, மேடம். பிளக்ஸ் கடைக்காரன். பொண்டாட்டி திருப்பூர் போனதுல இருந்து ஒத்தையில இருக்கான். கடை ரெண்டு வாரமா பூட்டிக் கிடக்கு. காய்ச்சலாம்..."

ராமலட்சுமி கொம்பையாவுக்குப் போன் போட்டாள். மணி அடித்தது... அடித்தது... நின்றது.

அடுத்த நிமிடமே மெசேஜ்!

'தொண்டை கட்டிருச்சு மேடம். பேச முடியல. மெசேஜ்ல கேளுங்க.'

அவள் வேகமாக டைப் செய்தாள். 'உங்க குரூப்ல மூணு பேர் கொலை. மூணு பேரும் எதுவுமே எழுதாதவங்க. உங்களுக்கு ஏதாவது தெரியுமா?'

'தெரியும் மேடம். ஒரு போட்டோ அனுப்புதேன்.'

வந்தது.

ஒரு ஸ்கிரீன் ஷாட். பதினான்கு மாதம் முன்பு கொம்பையா குரூப்பில் போட்ட ஒரு மெசேஜை யார் யார் எத்தனை மணிக்குப் படித்தார்கள் என்ற பட்டியல். நீளமான பட்டியலில் நான்கு பெயர்கள் சிவப்பில் வட்டமிடப்பட்டிருந்தன.

ஹரிஹரசுதன்... சதீஷ்குமார்... மணிகண்டபிரபு...

நான்காவது பெயரை ராமலட்சுமி இரண்டு முறை படித்தாள்!

ஷேக் பரீத்!

தலையைத் தூக்கினாள். பரீத் வேர்த்து விறுவிறுத்து நின்றார்.

"ஜீப்ல ஏறுங்க பரீத்."

"மேடம்..."

"ஏறுங்கன்னு சொன்னேன்!"

ஜீப் நகர்ந்ததும் பரீத்தே ஆரம்பித்தார்.

"சௌந்தரபாண்டியன்னு ஒருத்தர் மேடம். புதியம்புத்தூர்ல இருந்து பைக்ல நைட்டி, கைலி கொண்டாந்து ஊர் ஊரா விப்பாரு. எங்க வீட்டுக்கு ஏழெட்டு வருசமா வருவாரு. என் மக பிறந்தப்ப சின்னதா ஒரு கவுன் தச்சுக் கொண்டாந்து குடுத்தாரு..."

"ம்..."

"அன்னிக்கு அவரு போட்டோவைக் கொம்பையா குரூப்ல போட்டான். 'பிள்ளை பிடிக்கிறவன் நம்ம ஏரியாவுல சுத்துதான், விடாதீங்க'ன்னு. நான் டூட்டியில இருந்தேன். பார்த்ததுமே ஆளைத் தெரிஞ்சுபோச்சு. 'இவர் துணி வியாபாரி, எனக்குத் தெரியும்'னு டைப் பண்ணிட்டேன் மேடம்!"

"அனுப்பினீங்களா?"

பரீத் வெளியே பார்த்தார்.

"அழிச்சிட்டேன். போலீஸ்காரன் குரூப்ல எழுதினா ஸ்கிரீன் ஷாட் எடுத்து வம்பாக்கிருவானுவன்னு... வழக்கமா வார வதந்திதானேன்னு..."

"பிறகு?"

"அரை மணி நேரத்துல அடிச்சே கொன்னுட்டானுவ மேடம்."

ராமலட்சுமிக்கு அந்த வழக்கு தெரியும். அவள் மாற்றலாகி வருவதற்கு முன் நடந்தது. அடித்தவர்கள் ஒன்பது பேர் உள்ளே இருக்கிறார்கள். மெசேஜ் போட்ட கொம்பையா நாற்பது நாளில் ஜாமீனில் வந்துவிட்டான். கோர்ட்டிலிருந்து அவன் போனும் திரும்பிவிட்டது.

மறுபடி மெசேஜ்!

'சௌந்தரபாண்டியன் தங்கச்சி செண்பகவல்லி. புதியம்புத்தூர்ல கட்டிங் மாஸ்டரா இருக்கா. இன்னிக்கு லீவு நாள், யூனிட்ல தனியாத்தான் இருப்பா. அவளைப் பிடிங்க மேடம். பரீத் சாரையும் மறக்காமக் கூட்டிட்டுப் போங்க.'

"நீங்க இறங்கிக்கிடுங்க பரீத். உங்களைக் குறி வச்சிருக்கா."

"இல்ல மேடம். நான் வாரேன்."

"சாகணும்னு ஆசையா?"

"அந்தப் பிள்ளை மூஞ்சியைப் பார்க்கணும் மேடம். பதினாலு மாசமா பயந்துக்கிட்டே இருக்கேன்."

ஜீப் புதியம்புத்தூருக்குப் பறந்தது.

தையல் யூனிட்டின் ஷட்டர் பாதி திறந்திருந்தது. உள்ளே வரிசையாக நாற்பது மிஷின்கள். ஆள் இல்லை. மூலையில் நைட்டித் துணிகள் மலையாகக் குவிந்திருந்தன.

நீளமான வெட்டு மேசைக்குப் பின்னால் ஒல்லியாக ஒரு பெண் நின்றாள். முப்பது வயது இருக்கும். கையில் முழங்கை நீளக் கத்திரிக்கோல்!

"வாங்க மேடம். பரீத் சாரும் வந்துட்டாரா... நல்லது."

ராமலட்சுமி துப்பாக்கியை உருவினாள்.

"கத்திரியைக் கீழ போடு!"

"போடுதேன் மேடம். சார்ட்ட ஒரே ஒரு கேள்வி." அவள் பரீத்தையே பார்த்தாள். "எங்க அண்ணனை உங்களுக்குத் தெரியுமா சார்?"

"பரீத், பேசாதீங்க! பின்னால வாங்க!"

பரீத் மேசையருகே போய்விட்டார்.

"தெரியும்மா."

"மத்த மூணு பேரும் தெரியவே தெரியாதுன்னு சாதிச்சானுவ. நீங்களாவது சொல்லுதியளே! எங்க அண்ணன் போன்ல வாடிக்கைக்காரங்கன்னு உங்க நாலு பேரு நம்பரும் இருந்துச்சு. அந்த மெசேஜைப் படிச்சவங்க லிஸ்ட்லயும் உங்க நாலு பேரு இருந்தியோ. பதினொன்னு இருவதுக்கு மெசேஜ். பதினொன்னு அம்பதுக்குத்தான் முதல் அடி விழுந்துச்சு. அரை மணி நேரம் சார்! அரை மணி நேரம்! 'இவரு நல்லவரு'ன்னு எழுத எவ்வளவு நேரம் ஆகும்?"

"எழுதினேன்மா..."

"எங்கன? எங்கன எழுதினிய?"

"அனுப்பல."

செண்பகவல்லியின் முகம் கோணியது.

"கடப்பாறையால மண்டையில அடிச்சானுவ. மூளை வெளிய வந்துச்சு. 'என்னைத் தெரிஞ்சவிய யாராவது சொல்லுங்கய்யா'ன்னு கத்திக்கிட்டே செத்தான் சார் எங்க அண்ணன்! அந்த வீடியோவையும் கொம்பையா குரூப்ல போட்டான். அதையும் நீங்க பார்த்திய! ரெண்டு நீல டிக்!"

கண் இமைக்கும் நேரம்!

கத்திரி பாய்ந்தது! பரீத் அனிச்சையாகக் கையைத் தூக்கினார். இரும்பு உள்ளங்கையைத் துளைத்துக்கொண்டு மறுபக்கம் வந்தது. அவள் முழு பலத்தோடு கீழே அழுத்த, கை மேசைப் பலகையோடு சேர்ந்து அறையப்பட்டது. எலும்பு நொறுங்கும் சத்தம்! வெள்ளை நைட்டித் துணிகள் மேல் ரத்தம் பீய்ச்சியடித்தது.

"அல்லா...!"

அவளுடைய மறு கையில் இன்னொரு கத்திரி! பரீத்தின் கழுத்தை நோக்கி இறங்கியது...

டுமீல்!

தொடையில் குண்டு பாய்ந்து செண்பகவல்லி மிஷின்கள் மேல் விழுந்தாள். எழப் பார்த்தவளின் மணிக்கட்டை ராமலட்சுமி பூட்ஸால் மிதித்தாள். கத்திரி தெறித்தது. விலங்கு விழுந்தது.

"போதும்டி! போதும்!"

செண்பகவல்லி மூச்சு வாங்கினாள். தொடையிலிருந்து ரத்தம் சிமென்ட் தரையில் ஓடியது. ராமலட்சுமி ஒரு துணியைச் சுருட்டி அந்தக் காயத்தில் கட்டினாள். கட்டிக்கொண்டே கேட்டாள்.

"ஒன்னு எனக்குப் புரியல. பேசாம இருந்தவனை எல்லாம் கொன்ன. பொய்யைப் பரப்பினவன் கொம்பையா. அவனை ஏன் விட்ட? லிஸ்டைக் கையில குடுத்து உன்னை மத்தவன் மேல ஏவி விட்டானா? இப்ப உன்னையே காட்டிக் குடுத்துட்டானே, அவன் எப்பேர்ப்பட்ட ஆளுன்னு தெரியுதா?"

செண்பகவல்லி சிரித்தாள்.

வலியோடு, விக்கி விக்கி, கண்ணில் நீர் வரச் சிரித்தாள்!

"கொம்பையாவா? மேடம்... அவனை நான் எங்க விட்டேன்?"

"என்ன உளறுத?"

"அவன் கடைக்குப் பின்னால தண்ணித் தொட்டி இருக்குலா? ஸ்லாபைத் தூக்கிப் பாருங்க. வாயைத் தைக்கல அவனுக்கு. டைப் பண்ணின பத்து விரலையும் வெட்டினேன். பன்னெண்டு நாளாச்சு."

கட்டுப் போட்டுக்கொண்டிருந்த ராமலட்சுமியின் கை பாதியில் நின்றது.

"இல்ல... காலையில கூட எனக்கு மெசேஜ்..."

செண்பகவல்லி சுடிதார்ப் பையைக் கண்ணால் காட்டினாள். ராமலட்சுமி கையை விட்டு எடுத்தாள்.

கொம்பையாவின் போன்!

"உசுரோட இருக்கையிலேயே நம்பர் லாக்கைச் சொல்ல வச்சேன். அட்மின் கூப்பிடுதாருன்னதும் மூணு பேரும் தனியா ஓடி வந்தானுவ. ஒவ்வொருத்தன் செத்ததும் குரூப்ல 'ஆழ்ந்த இரங்கல்' போட்டது நான்தான். எண்ணூறு பேரு! ஒருத்தனுக்குக்கூட ஆள் மாறினது தெரியல மேடம்!"

அவள் கண்கள் மெதுவாக மூடின. மயக்கம்.

ஆம்புலன்ஸ்கள் இரண்டு வந்தன. முதலாவதில் செண்பகவல்லியைக் காவலோடு ஏற்றினார்கள். இரண்டாவதில் பரீத் படுத்திருந்தார். வலது கை பஞ்சுப் பொதிக்குள். பக்கத்தில் ராமலட்சுமி.

"தொட்டியைத் திறந்துட்டாங்களாம் பரீத். அவ சொன்னது நிசம்தான்."

பரீத் கண்ணைத் திறந்தார். இடது கையால் போனை எடுத்தார். ஒற்றை விரலால் தடவித் தடவி எழுத ஆரம்பித்தார்.

"என்ன பண்ணுதீங்க?"

"பதினாலு மாசம் முன்னாடி அழிச்சதைத் திரும்ப எழுதுதேன் மேடம்."

'கரிசல் செய்தி' குரூப்பில், ஷேக் பரீத்தின் முதல் மெசேஜ் விழுந்தது.

'சௌந்தரபாண்டியன் பிள்ளை பிடிக்கிறவர் இல்லை. துணி வியாபாரி. ரொம்ப நல்ல மனுசன். எனக்கு அவரைத் தெரியும். அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் விட்டது என் குற்றம். ஷேக் பரீத், சப் இன்ஸ்பெக்டர்.'

இருவரும் திரையையே பார்த்தார்கள்.

பத்துப் பேர் படித்தார்கள். ஐம்பது. நூற்று இருபது...

யாரும் எதுவும் எழுதவில்லை.

இருநூறைத் தாண்டியதும் ஒரு பதில் வந்தது. தெரியாத நம்பர்!

'சார், பழைய கதையை எல்லாம் இங்கன போடாதீங்க. இது செய்தி குரூப். இனிமேல் இப்படிப் போட்டா நீக்கப்படுவீங்க. இப்படிக்கு, இன்னொரு அட்மின்.'

பரீத்தின் கண்ணோரம் ஈரமானது. ஆனாலும் உதடு லேசாகச் சிரித்தது.

"கொம்பையா போனாலும் குரூப்புக்கு ஆள் இருக்கு, பார்த்தீங்களா மேடம்?"

ராமலட்சுமி அந்த நம்பரைத் தன் போனில் அழுத்தினாள்.

"யாருக்கு மேடம் போன் போடுதீங்க?"

"அட்மினுக்குத்தான் பரீத்... இவனாவது உசுரோட இருக்கானான்னு கேட்டுக்கிடுவோம்!"