யார் வழி ரத்தம்?

"அந்த வட்டல அடுப்படிக்குள்ள கொண்டாராதேன்னு எத்தன தடவ சொல்றது, பூங்கோதை? உன்ற பொண்ணு தின்ன எச்சிலு… சீ! பொறத்தால கொண்டு போய்க் கழுவு!"

தெய்வாத்தாள் சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஒதுங்கினாள். ஏழு வயது சண்முகப்பிரியா, பாதி இட்டிலியைக் கையில் வைத்துக்கொண்டு பாட்டியையே பார்த்தாள். குழந்தையின் கண்கள் மறுபடியும் மஞ்சள் பூத்திருந்தன.

நாலு வருடமாக இதே கதைதான். காய்ச்சல் வந்தால் போதும், கண் மஞ்சளாகும், முகம் வெளிறும். கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தார்கள், மந்திரித்தார்கள். ஒட்டிக்கொள்ளும் காமாலை என்று தெய்வாத்தாள் முடிவுகட்டி, பேத்திக்குத் தனிச் சோற்று வட்டல், தனி டம்ளர், தனிப் பாய் என்று ஒதுக்கிவைத்துவிட்டாள்.

"அத்தை, இது ஒட்டறதில்லீங்க… மஞ்சக்காமாலையே இல்லாம இருக்கலாமுன்னு டாக்டரம்மா சொல்றாங்க. குடும்பத்துல ஆருக்காச்சும் இருந்துச்சான்னு கேக்கறாங்க…"

"எங்கூட்டுல இந்தச் சீக்கு கெடையவே கெடையாது! உங்கப்பன் ஊட்டு ரத்தம் அது. கெட்ட ரத்தத்தக் கொண்டாந்து எங்குடும்பத்துல கலந்துபோட்டயே!"

பூங்கோதை கணவனைப் பார்த்தாள். "ஏனுங்க, நீங்களாவது சொல்லுங்க…"

மோகன்குமார் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "காலங்காத்தால எதுக்குப் புள்ள வம்பு? அம்மா சொல்றபடி செஞ்சுபோடு."

கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் வேலைக்குப் போனாள். சிங்காநல்லூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் ரெக்கார்டு அறையில் அவளுக்கு உத்தியோகம். நோயாளிகளின் கேஸ் ஷீட்டைப் படித்து, என்ன நோய் என்று பார்த்து, அதற்குரிய எண்ணைத் தடித்த புத்தகத்தில் தேடி மேலே எழுதவேண்டும். அந்த வருடம், தொண்ணூற்றைந்தில், எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றப்போவதாகச் சொல்லிப் பழைய கட்டுகளையும் அவிழ்த்திருந்தார்கள்.

அன்று மத்தியானம் அவிழ்த்தது எழுபத்து நாலாம் வருடத்துக் கட்டு. நாலாவது கேஸ் ஷீட்டில் கை நின்றது.

மோகன்குமார். வயது பதின்மூன்று. தகப்பன் பெயர், ஊர்… எல்லாமே அவள் கணவருடையவை!

அடிக்கடி கண் மஞ்சளாவது. ரத்தச் சோகை. தட்டையாக இருக்கவேண்டிய சிவப்பணுக்கள் பந்துபோல் உருண்டு, மண்ணீரலில் சிக்கி உடைந்துபோகும் பரம்பரை நோய். மண்ணீரல் அகற்றப்பட்டது. கடைசித் தாளில் டாக்டர் எழுதியிருந்தார்: 'தாய்க்கும் இதே குறை லேசாக உள்ளது. இவன் பிள்ளைகளுக்கும் வரலாம். கலியாணத்தின்போது மறைக்கக் கூடாது என்று தாய்க்கும் பையனுக்கும் விளக்கப்பட்டது.' கீழே தெய்வாத்தாளின் கோணல்மாணலான கையெழுத்து.

அவர் விலாவுக்குக் கீழே இருந்த நீளத் தழும்பு… கிணற்றுப் படியில் விழுந்தது என்றல்லவா ஒன்பது வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்!

அழுகை வரவில்லை. குழாயடிக்கு ஓடிப்போய்த் தின்றதையெல்லாம் வாந்தியெடுத்தாள். வாயைக் கழுவிவிட்டு வந்து, புத்தகத்தைப் புரட்டி, அந்த நோய்க்குரிய எண்ணை, 282.0 என்று எழுதினாள். கேஸ் ஷீட்டை மற்றவற்றோடு அடுக்கில் வைத்தாள்.

சாயங்காலம் வீட்டில் அவள் அடுப்பு மூட்டவில்லை.

"ஏனுங்க… உங்க மண்ணீரல எடுத்து இருபத்தியொரு வருசமாச்சு. அதைய எங்கிட்டச் சொல்றதுக்கு ஒரு நாளு கூடவா வாய்க்கல?"

மோகன்குமாரின் முகம் செத்துப்போயிற்று. தெய்வாத்தாள் பாய்ந்து வந்தாள். "ஆருடி சொன்னது? பொய்யி! எல்லாம் பொய்யி!"

"உங்க கையெழுத்து பொய் சொல்லுமுங்களா, அத்தை?"

மோகன்குமார் உடைந்துபோனான். "அம்மா சத்தியம் வாங்கிப்போட்டாங்க புள்ள… தங்கச்சி கலியாணம் நின்னுபோயிருமுன்னு…"

"அவ கலியாணம் முடிஞ்ச பொறவுதானுங்களே எம்புள்ளைக்குக் கண்ணு மஞ்சளாச்சு! நாலு வருசம்… எம்புள்ள பொறத்தால உக்காந்து தின்னுச்சு. அதே சீக்கு வந்த நீங்க நடு ஊட்டுல உக்காந்து தின்னீங்க. எப்படிங்க சோறு எறங்குச்சு? எங்கப்பன் ரத்தத்தப் பழிச்சப்பெல்லாம் பேப்பர் படிச்சீங்களே…!"

அவன் அவள் கையைப் பிடிக்க வந்தான்.

"தொடாதீங்க. குமட்டுது. எங்கிட்டப் பேச வேண்டாம். நாளைக்கு டாக்டரம்மாகிட்ட நீங்களே போய்ச் சொல்லுங்க. உங்க வாயாலயே சொல்லுங்க."

மறுநாள் அந்த டாக்டரம்மா ஜாஹிதாவின் முன்னால் அவன் தலைகுனிந்து எல்லாவற்றையும் சொன்னான். ரத்தப் பரிசோதனையும் அதையே சொன்னது. குழந்தைக்கும் அதே நோய். ஒரு மாதம் கழித்து மண்ணீரலை எடுத்தார்கள். மூன்றாம் நாள் அந்தக் கண்களின் மஞ்சள் வடியத் தொடங்கியது.

அன்றுதான் தெய்வாத்தாள் ஆஸ்பத்திரிக்கு வந்தாள். வராந்தாவில் எல்லோரும் பார்க்க மருமகள் காலடியில் சரிந்தாள். "எம்பட பாவம் அம்மணி… பேத்தியவே தீண்டாம வெச்சுப்போட்டேனே… என்னைய மன்னிச்சுரு!"

பூங்கோதை விலகிக்கொண்டாள். "எந்திரீங்க. பெருந்துறையில உங்க மக முழுகாம இருக்கறா. அந்தப் புள்ளைக்கும் இது வரலாம். முதல்ல அவகிட்டச் சொல்லுங்க."

"ஐயோ… அவ மாமியா ஊட்டுல என்ன நெனப்பாங்க!"

"நீங்க என்னைய என்ன நெனச்சீங்களோ, அதத்தான் நெனப்பாங்க. பயமா இருக்குதுங்களா?"

தெய்வாத்தாள் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். பிறகு தானாகவே எழுந்து, ரோட்டைக் கடந்து, எதிரே இருந்த எஸ்.டி.டி. பூத்துக்குள் நுழைந்தாள். பூங்கோதை பின்னாலேயே போய்க் கண்ணாடிக் கதவருகே நின்றாள்.

"கண்ணு… அம்மா பேசறேன். உங்கண்ணன் கெணத்துல உழுகல கண்ணு… அது சீக்கு. எங்கிட்டயிருந்து வந்தது. பிரியாளுக்கு வந்ததும் அதேதான். பூங்கோதை ரத்தத்துல ஒரு குத்தமும் இல்ல… எல்லாம் என்ற ரத்தம். உன்ற வயித்துப் புள்ளையப் பொறந்ததும் பாக்கச் சொல்லு. மாமியா கேட்டா நாஞ்சொன்னேன்னு சொல்லு… மறைக்காதே!"

ரிசீவரை வைத்தவள் பூத்துக்குள்ளேயே நின்றாள்.

பூங்கோதை கதவைத் திறந்தாள். தெய்வாத்தாள் அவள் தோளில் விழுந்து வாய்விட்டுக் கதறினாள். அந்த உடம்பின் வெக்கை பட்டதும் பூங்கோதைக்கு மேலெல்லாம் கூசியது. நாலு வருடத்துக் கசப்பு ஒரு போனில் போய்விடுமா? ஆனாலும் அவள் விலகவில்லை. மெதுவாகக் கையைத் தூக்கி, அந்த முதுகின் மேல் வைத்தாள்.

"போதுமுங்க, அத்தை… வாங்க. புள்ள முழிச்சிருக்கும்."