அண்ணன் கணக்கு

மரம் அறுக்கும் மில்லுக்குள் அவள் நுழைந்தபோது ஆள் நடமாட்டமே இல்லை. வேலையாட்கள் ரம்பத்தின் மெயின் சுவிட்சை இறக்கிவிட்டுச் சாப்பிடப் போயிருந்தார்கள். கொட்டகையின் நடுவே ஆளுயரப் பட்டை ரம்பம் பல்லைக் காட்டிக்கொண்டு சும்மா நின்றது. ஈர மரத்தூளின் வாசனைக்கு அடியில் இன்னொரு வாடையும் இருந்தது. பினாயில் ஊற்றிக் கழுவியும் போகாத வாடை.

கம்ப்யூட்டர் பழுது பார்ப்பதுதான் அவள் தொழில். அதனால் எல்லாரும் அவளை டாக்டரம்மா என்பார்கள். ஊசி போடத் தெரியாது. ஆனால் உயிர் போய்க் கிடக்கிற கம்ப்யூட்டரை எழுப்பி உட்கார வைத்துவிடுவாள்.

மில்லுக்கு இரண்டு முதலாளிகள், பெரியவரும் சின்னவரும். கூடப்பிறந்த அண்ணன் தம்பி. ஒன்றரை மாதத்துக்கு முன் பெரியவர் இந்த ரம்பத்தில் வழுக்கி விழுந்து இரண்டு துண்டாகப் போனார். அப்போது பக்கத்தில் இருந்தது சின்னவர் மட்டும்தான். வழுக்கின கதையைச் சொன்னதும் அவரேதான்.

“அண்ணன் மெயிலையும் என்னோடதுல சேர்த்துடணும்மா. ஆர்டர் எல்லாம் அதுலதான் கெடக்கு,” என்றார் சின்னவர். ஆபீஸ் அறையில் தலைக்கு மேல் ஃபேன் சுற்றியும் அவருக்கு வியர்த்துக்கொட்டியது.

பாஸ்வேர்டு பெரியவரின் மனைவிக்கு மட்டும்தான் தெரியும். சின்னவருக்கு அவர் அண்ணி. நாமும் அண்ணி என்றே சொல்லிவிடலாம். இத்தனை நாள் கேட்டும் கொடுக்காத அண்ணி, இன்று தானே வந்து மேஜைக்கு எதிரே உட்கார்ந்திருந்தார்.

“நானே அடிச்சுக் குடுக்கறேன். உள்ள என்ன இருக்குன்னு நானும் பார்க்கணும்.”

“பார்க்க என்ன அண்ணி இருக்கு? எல்லாம் மரத்துக் கதைதான்.” சின்னவர் சிரித்தார். சிரிப்பு உதட்டோடு நின்றது.

டாக்டரம்மா மெயில் செயலியைத் திறந்து, அமைப்புகளுக்குள் போய், ‘கணக்கைச் சேர்’ என்பதை அமுக்கினாள். முகவரி, சர்வர் பெயர் என்று மளமளவென்று நிரப்பினாள். பிறகு ‘உங்கள் பெயர்’ என்று ஒரு கட்டம் வந்தது.

“யார் பேரைப் போடறது?”

“என் பேரு,” என்றார் சின்னவர்.

“அவரு பேரு,” என்றார் அண்ணி, அதே நேரத்தில்.

கூலி கொடுக்கிறவர் சின்னவர் என்பதால் அவர் பெயரையே அடித்தாள். கையை எடுத்ததும் எழுத்துகள் கடைசியிலிருந்து ஒவ்வொன்றாக அழிந்தன. அந்த இடத்தில் பெரியவரின் பெயர் வந்து உட்கார்ந்தது. பழைய விவரத்தைச் செயலி இழுத்துப் போடுகிறது என்று நினைத்துக்கொண்டாள். இந்த மாதிரி சில்லறைச் சேட்டைகள் அவளுக்குப் பழக்கம்தான்.

அண்ணி எழுந்து வந்து பாஸ்வேர்டை அடித்துவிட்டுத் திரும்பிப் போய் உட்கார்ந்தார். திரையில் பச்சை விழுந்தது. இடது ஓரத்தில் தம்பியின் கணக்கு, அதற்குக் கீழே அண்ணனின் கணக்கு. பார்த்துக்கொண்டிருக்கும்போதே கீழே இருந்தது மேலே ஏறியது.

‘வரைவுகள்’ என்பதன் பக்கத்தில் ஒன்று என்று எண் விழுந்தது.

“அதை அழிச்சிடு,” என்றார் சின்னவர். அது என்னவென்று இன்னும் யாரும் திறந்துகூடப் பார்க்கவில்லை.

அது தானாகத் திறந்துகொண்டது.

பெரியவர் செத்த அன்று போனிலிருந்து அண்ணிக்கு எழுதி, அனுப்பாமல் நின்றுபோன கடிதம். ‘தேக்கைத் திருடினது தம்பிதான். கேட்டுட்டேன். கதவைப் பூட்டிட்டு, ரம்பத்தைப் போட்டுட்டு, கடப்பாரையோட நிக்கறான். நான் வரலைன்னா, வழுக்கி விழுந்தேன்னு சொன்னா நம்பாதே.’

சின்னவரின் விரல்கள் அவள் தோளில் இறங்கின.

“அழி.”

அவள் கை அசையவில்லை. அவரே மவுஸைப் பிடுங்கினார். அம்புக்குறி ‘அழி’ வரை போனது. அமுக்குகிற நொடியில் அது ஒரு விரல்கடை நகர்ந்தது. விழுந்தது ‘அனுப்பு’.

அண்ணியின் மடியில் போன் மணி அடித்தது.

அண்ணி படித்தார். நிமிர்ந்தார்.

“வழுக்கி விழுந்தாருன்னு சொன்னியே தம்பி.”

பீரோவுக்குப் பின்னாலிருந்து சின்னவர் கைக்குக் கடப்பாரை வந்தது. இனி அவனுக்கு மரியாதை கிடையாது. குறுக்கே எழுந்த டாக்டரம்மாவின் தோளில் முதல் அடி விழுந்தது. தன் எலும்பு முறிகிற சத்தத்தை அவளே கேட்டாள். இரண்டாவது அடி கதவுக் கண்ணாடியில் விழுந்து, சில்லு அண்ணியின் கன்னத்தைக் கிழித்தது. அவன் அண்ணியின் தலைமயிரைக் கையில் சுற்றிக் கொட்டகைக்கு இழுத்துக்கொண்டு போனான்.

“நீயும் வழுக்கி விழுந்துடு அண்ணி.”

டாக்டரம்மா தவழ்ந்தே பின்னால் போனாள். அந்த அம்மாளைக் காப்பாற்ற அங்கே வேறு நாதியில்லை. தரையிலிருந்து பார்த்தபோது ரம்பத்தின் மெயின் சுவிட்ச் இறங்கியே இருந்தது.

ரம்பம் சுற்றத் தொடங்கியது.

அவன் நின்றான். மயிரைப் பிடித்திருந்த விரல்கள் ஒவ்வொன்றாகப் பின்பக்கம் வளைந்தன. ஒவ்வொன்றும் ஒடிந்தது.

“அண்ணா. வேணாண்ணா.”

அண்ணி உருண்டு விலகினார். ஏதோ ஒன்று அவனைத் தூக்கி, கட்டை ஏற்றும் தள்ளுவண்டியில் மல்லாக்கப் போட்டது. அவன் சட்டையின் மார்பில் இரண்டு உள்ளங்கைகளின் வடிவத்தில் துணி அழுந்திக் கிடந்தது.

தள்ளுவண்டி நகர்ந்தது.

வைரம் பாய்ந்த கட்டைக்கு வைக்கிற நிதானம். காலிலிருந்து ஆரம்பித்தது. தூள் சிவப்பாகப் பறந்து டாக்டரம்மாவின் வாய்க்குள்ளும் விழுந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். அண்ணி மூடவில்லை.

போலீஸ் வந்து, மின்சாரக் கோளாறு என்று எழுதிக்கொண்டு போனது. ரம்பத்தை இரும்புக்கடைக்காரன் வெட்டி எடுத்துப் போனான்.

இரண்டு மாதம் கழித்து, தோளில் தகடு வைத்த டாக்டரம்மா தானாகவே வந்தாள். ராத்திரி தூக்கம் போய்விட்டது அவளுக்கு.

“நான் சேர்த்ததை நானே எடுத்துடறேன்க்கா.”

“இருக்கட்டும்மா,” என்று அண்ணி திரையை அவள் பக்கம் திருப்பினார்.

அண்ணனின் கணக்கிலிருந்து நாளுக்கு ஒரு மெயில். எல்லாம் ஒரே வரி. ‘இன்னும் முடியல.’

காலிக் கொட்டகையிலிருந்து ரம்பம் சுற்றுகிற சத்தம் வந்தது. அதற்குள்ளே ஒரு குரல் அண்ணா அண்ணா என்று கத்திக்கொண்டிருந்தது.

அண்ணி எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினார்.

“அவரு எப்பவும் அப்படித்தாம்மா. எடுத்த வேலையைப் பாதியில விடமாட்டாரு.”