பத்தாவது புள்ளி

நேற்று ஏழு இருந்த இடத்தில் இன்று எட்டு இருந்தது.

மதனி கண்ணாடியைச் சட்டை நுனியில் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி எண்ணினாள். எட்டுத்தான். லப்டொப்பின் கறுப்புத் திரையில், அவள் கையால் போட்ட சின்ன வட்டத்துக்குள், எட்டு வெள்ளைப் புள்ளிகள். கொப்பியைப் புரட்டினாள். நேற்றைய திகதிக்கு நேரே அவளுடைய சாய்ந்த எழுத்தில் ‘ஏழு’ என்று இருந்தது. தினமும் ஒரு தரம் எண்ணி எழுதிவைப்பது அவள் வழக்கம். இத்தனை வருடத்தில் எண்ணிக்கை பிழைத்ததே இல்லை.

இத்தனைக்கும் அது பழைய படம். பதின்மூன்று வருடங்களுக்கு முன், விண்ணில் சுற்றுகிற ஒரு செய்மதி எடுத்த எக்ஸ்ரே படம். எங்கோ தொலைவில், ஒருவரும் திரும்பிப் பார்க்காத ஒரு குட்டி விண்மீன் மண்டலம். அப்படிப்பட்ட மண்டலங்களில் கருந்துளை இருக்கிறதா என்று தேடுவதுதான் பேராதனையில் அவளுக்கு வேலை. கருந்துளை கண்ணுக்குத் தெரியாது. அதற்குள் விழப்போகிற பொருள் கடைசியாக விடுகிற வெளிச்சம்தான் தெரியும். ஒரு புள்ளி என்றால் அந்த வெளிச்சத்தின் ஒரு துணுக்கு. ஏழு துணுக்கைக் காட்டி யாரை நம்பவைப்பது? பத்தாவது வேண்டும் என்று பேராசிரியர் விவேகானந்தன் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பத்து இல்லையென்றால் கட்டுரை இல்லை. கட்டுரை இல்லையென்றால் மாசியோடு வேலையும் இல்லை. அதனால்தான் போன கிழமை, வட்டத்தைக் கொஞ்சமே கொஞ்சம் பெரிதாக்கிவிட்டு, வெட்கத்தை விட்டுத் திரையைப் பார்த்துக் கேட்டிருந்தாள்.

“இன்னும் ஒரு மூண்டு தா.”

கேட்டால் வந்துவிடுமா? எடுத்து முடிந்த போட்டோவில் ஆள் கூடுமா?

அப்போதுதான் அந்த அமைதி அவள் காதில் விழுந்தது. திகனவின் பின்னேர மழை இப்போதுதான் ஓய்ந்திருந்தது; கூரைப் பீலியிலிருந்து சொட்டுச் சொட்டாக வாளிக்குள் விழுகிற ஓசையும், ஈர மண்ணின் வாடையும், தூரத்தில் மடவளைப் பக்கம் போகிற பஸ்ஸின் உறுமலும் வழக்கம்போல இருந்தன. பக்கத்து வீட்டு டொமியின் குரைப்பு மட்டும் இல்லை. மழை பெய்தால் ஊரைக் கூட்டுகிற நாய் அது.

வேலியோரம் போனாள். சீதா அக்கா முற்றம் கூட்டிக்கொண்டிருந்தாள்.

“அக்கா, டொமி எங்க? சத்தத்தைக் காணேல்லை.”

“எந்த டொமி?”

“உங்கட நாய், அக்கா.”

சீதா அக்கா சிரித்தாள். “என்னம்மா நீங்க, நம்ம வீட்டுல எப்ப நாய் இருந்துச்சு?”

அவள் காலடியில் சங்கிலி கிடந்தது. அதன் நுனியில் கழுத்துப் பட்டி. பூட்டு அவிழவில்லை. ஒரு கழுத்தின் சுற்றளவுக்கு அப்படியே நின்றது.

மறுநாள் பின்னேரம் புள்ளிகள் ஒன்பது.

மதனி லப்டொப்பை அடித்து மூடிவிட்டு ஓடினாள். சீதா அக்கா வாசலில் நின்றாள், இரண்டு கையிலும் தேத்தண்ணீர்க் கோப்பை.

“கணேஸ் அண்ணை எங்க அக்கா?”

“கணேஸா? யாரு அது?” இரண்டாவது கோப்பையை அவளே ஒரு மாதிரிப் பார்த்தாள். “நா ஒத்த ஆளு. ரெண்டு ஊத்தி வச்சிருக்கேன் பாருங்களேன். நீங்க குடிங்க.”

உள்ளே கதிரையின் முதுகில் ஆண்கள் கட்டுகிற சாரம் ஒன்று காய்ந்துகொண்டிருந்தது. முப்பது வருடம் கூட வாழ்ந்தவனை அவளுக்குத் தெரியவில்லை. இரண்டு வருடமாகப் பக்கத்தில் குடியிருக்கிற மதனிக்குத் தெரிகிறது. ஐயோ கடவுளே! யாருக்கு உயிரோ, அவளுக்குத்தான் மறந்துபோகிறது.

மதனிக்கும் உயிர் ஒன்று இருந்தது. ஏழு வயது, மேல்வரிசையில் பல் இரண்டு இல்லை, பெயர் சிந்துஜா.

படத்தை அழித்துவிட வேண்டும் என்று வீட்டுக்குள் வந்தபோது கரண்ட் போய்விட்டிருந்தது. லப்டொப்பில் சார்ஜும் இல்லை. இரவு முழுக்க மகளை அணைத்தபடி விழித்துக் கிடந்தாள். படுக்குமுன் கொப்பியில் பெரிய எழுத்தில் எழுதிவைத்தாள்: ‘சிந்துஜா என் மகள். கையை விடாதே.’ அவ்வளவு பயத்திலும் மனதின் ஒரு மூலை, இன்னும் ஒன்றுதானே என்று கணக்குப் பார்த்தது. அந்த மூலைக்குத்தான் அவள் கூடுதலாகப் பயந்தாள்.

ஆறு மணிக்குக் கரண்ட் வந்தது. ஆறேகாலுக்கு ரிஸ்கானின் பாடசாலை வான் வரும். பிள்ளை இந்த வீட்டை விட்டு வெளியே போனால் போதும். மதனி லப்டொப்பை மேசையில் வைத்துவிட்டு, மகளை முழங்கால்களுக்கு நடுவில் இறுக்கி உட்காரவைத்து, பின்னலின் நுனியில் ரிபனைச் சுற்றினாள்.

“அம்மா, நோகுது. இறுக்காதேங்கோ.”

“ஆடாம இருங்கோ, குஞ்சு.”

முடியில் தேங்காயெண்ணெய் வாசம். ஜன்னலில் பனிமூட்டம். திரை விழித்தது.

நேற்றுத் திறந்திருந்த படம் தானாக வந்து நின்றது.

எண்ணாதே. அழி.

ஒரு கை பின்னலில். ஒரு கை விசையில்.

பழக்கம் விடுமா? கண் எண்ணிவிட்டது.

எட்டு. ஒன்பது.

பத்து.

அப்பாடா! மதனிக்கு நெஞ்சு குளிர்ந்தது. பத்தேதான். வேலை நிலைத்தது. பேராசிரியருக்கு உடனே சொல்ல வேண்டும். விசையிலிருந்து விரலை எடுத்து, கொப்பியை இழுத்து ‘பத்து’ என்று எழுதினாள். மேலே பெரிய எழுத்தில் ஏதோ இருந்தது. அவளுடைய கையெழுத்துத்தான். யார் இந்தச் சிந்துஜா?

கேற்றடியில் ஹோர்ன் அடித்தது.

“மிஸ், புள்ளய அனுப்புங்க! மழ வரப் போகுது.”

“இங்க பிள்ளை ஒருத்தரும் இல்லைத் தம்பி. வீடு மாறி வந்திட்டீங்கள்.”

“என்ன மிஸ், பகிடியா? ரெண்டு வருஷமா இந்த கேட்லதானே ஏத்துறேன்!”

பதில் சொல்ல வாயெடுத்தவள் தன் இடது கையைப் பார்த்தாள். விரல்களில் வெள்ளை ரிபன் தொங்கியது. அழகாக முடிச்சுப் போட்ட ரிபன். முடிச்சுக்குள் ஒன்றும் இல்லை. கை முழுக்கத் தேங்காயெண்ணெய்.

ஹோர்ன் மறுபடி அடித்தது.

எழும்பப் பார்த்தாள். முழங்கால்களைச் சேர்க்கப் பார்த்தாள். சேரவில்லை. நடுவில், ஒரு சின்ன உடம்பின் அகலத்துக்கு இடம் இருந்தது. அந்த இடம் இன்னும் சூடாக இருந்தது.