சொட்டு வராது

டெய்லர் வீட்டுக் குழாயில் யாரோ உறிஞ்சிக்கொண்டிருந்தார்கள்.

தண்ணீர் ஓடும் சத்தமாக இருந்தால் அவன் கண்டுகொண்டிருக்க மாட்டான். தெருவுக்குத் தண்ணீர் திறந்து விடுவதும் மூடுவதும் அவன் வேலை. இரும்புக் கம்பியின் ஒரு முனையை மண்ணுக்கடியில் இருக்கும் வால்வில் ஊன்றி மறுமுனையைக் காதில் வைத்தால், எந்த வீட்டில் ஒழுகுகிறது, எந்த வீட்டில் வாளி நிரம்புகிறது, யார் குழாயைத் திறந்துவிட்டு ஊர்க்கதை பேசப் போய்விட்டார்கள் என்று சொல்லிவிடுவான். இது வேறு. காலித் தம்ளரின் அடியில் உறிஞ்சுகுழலை வைத்து, ஒன்றும் வராது என்று தெரிந்தும் விடாமல் இழுப்பது போன்ற சத்தம்.

டெய்லர் குடும்பம் போன வாரமே வீட்டைக் காலி செய்திருந்தது. அன்றே போய் வால்வை மூடியவன் இவன்தான். இவன் மூடினால் சொட்டு வராது என்று தெருவே சொல்லும்.

காற்று புகுந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தான். தெருவின் ஒரு பாதியை ஏற்கெனவே இடித்திருந்தார்கள். பெரிய கிடங்கு வரப்போகிறதாம். மிச்சப் பாதியில் கதவுகள் இருந்தன, ஆட்கள் இல்லை. சாயங்கால வெயிலில் சுண்ணாம்புத் தூசி பறந்து பறந்து நாக்கில் கரித்தது.

வாசலில் வேன் நின்றது. மனைவி பாத்திரங்களைப் போர்வையில் மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள்.

"கடைசியா கேக்குறேன். வர்றீங்களா, இல்லையா?"

"நீங்க முன்னாடி போங்க. நான் யோசிச்சுட்டுச் சொல்றேன்."

"எல்லாரும் போயாச்சு. இந்தத் தெருவுல நாய்கூட வேற இடம் பாத்துக்கிச்சு. யாருக்குத் தண்ணி விடப்போறீங்க, செங்கல்லுக்கா?"

"இங்க எனக்கு ஒரு மரியாதை இருக்கு. அங்க வந்தா உங்க அண்ணனுக்கு எடுபிடி."

"எடுபிடிக்குச் சோறாவது கிடைக்கும்."

மகள் வேனின் முன் சீட்டில் ஏறி, பாட்டிலை வாயில் கவிழ்த்து மூச்சு விடாமல் குடித்தாள். "அப்பா, சீக்கிரம் வா. நீ இல்லன்னா மாமா என்னைக் கணக்குப் போடச் சொல்வார்."

வேன் போனது. அவன் நின்றான். மனைவி திரும்பிப் பார்க்கவில்லை என்பது நெஞ்சில் முள்ளாகக் குத்தியது.

குடும்பம் காலி செய்தால் அன்றே இணைப்பை மூட வேண்டும் என்பது அலுவலக உத்தரவு. பம்ப் அறையில் படுத்துக்கொள்ளலாம். வால்வு திருகும் நீளச் சாவியை இறக்கித் தன் வீட்டு வால்வை மூடினான். மூடிய பிறகும் கோபம் தீரவில்லை. இன்னும் ஒரு முறுக்கு. கீழே ஏதோ முனகியது.

பம்ப் அறைக்குப் போகும் வழியில் டெய்லர் வீட்டைக் கடக்கும்போது, இந்த முறை கம்பியே தேவைப்படவில்லை. பூட்டிய கதவுக்குப் பின்னாலிருந்து கேட்டது. உறிஞ்சல். ஒரு செருமல். மறுபடி உறிஞ்சல். அந்தச் செருமலை அவனுக்குத் தெரியும்; டெய்லர் பீடி பிடித்துப் பிடித்துச் சேர்த்த செருமல்.

போன் போட்டான். நெடுநேரம் கழித்து எடுத்தார்.

"டெய்லரே, எங்க இருக்கீங்க?"

"புது வீட்டுலதான், அண்ணே." குரல் காய்ந்த சருகாக நொறுங்கியது. "வந்ததுலேர்ந்து தாகம். குடம் குடமா குடிக்கிறோம், நாக்குல ஈரமே ஒட்ட மாட்டேங்குது. பசங்க எழுந்திரிக்கவே இல்ல. டாக்டருக்கு ஒண்ணும் புரியல..."

போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு டெய்லர் வீட்டு வால்வைத் திறந்தான். ஏன் என்று யோசிக்கவில்லை. கை தானாகத் திறந்தது.

உள்ளே தண்ணீர் சீறியது. கதவுக்குப் பின்னால் மடக், மடக் என்று பல தொண்டைகள் விழுங்கின. காதில், போனுக்குள், டெய்லரின் தொண்டையும் விழுங்கியது. அதே நேரத்தில். அதே தாளத்தில்.

"அப்பாடா," என்றார் டெய்லர். "என்னண்ணே செஞ்சீங்க?"

அவன் ஓடினான்.

செங்கல் குவியல் தடுக்கி விழுந்தான். எழுந்தான். தன் வீட்டு வால்வில் சாவியை இறக்கி முழு பலத்தோடு எதிர்ப்பக்கம் திருகினான். அசையவில்லை. முட்டி போட்டுத் திருகினான். மொத்த உடம்பையும் போட்டுத் திருகினான்.

டக்.

சாவி லேசாகச் சுற்றியது. எதையும் பிடிக்காமல் சுற்றியது. வால்வின் தண்டு உள்ளேயே முறிந்திருந்தது.

போன் அடித்தது. மனைவி.

"ஏங்க, பாப்பா எல்லா பாட்டிலையும் குடிச்சுட்டா. இன்னும் அழுவுறா. கண்ணுல தண்ணியே வரல. எனக்கும் என்னமோ தொண்டை..." இருமினாள். "வண்டிய நிறுத்தச் சொல்லியிருக்கேன். என்னங்க பண்றது? பேசுங்களேன்."

வீட்டுக்குள் சத்தம் கேட்டது. சின்ன வாயின் சத்தம்.

கதவைத் தள்ளினான். காலி அறை. அடுத்தது அடுப்படி. ஜன்னலில் கொஞ்சம் வெளிச்சம் மிச்சமிருந்தது.

மேடை மேல் மகள் மண்டியிட்டிருந்தாள். வேனில் ஏறியபோது போட்டிருந்த அதே சட்டை. குழாயை முழுதாக வாய்க்குள் வாங்கியிருந்தாள். ஒவ்வொரு இழுப்புக்கும் கன்னங்கள் உள்ளே போயின. இன்னும் உள்ளே. எலும்போடு ஒட்டும்வரை.

அவள் பின்னால் மனைவி நின்றிருந்தாள். மகளைத் தள்ளவில்லை. அவசரப்படவில்லை. வெடித்த உதடுகளைத் திறந்து வைத்துக்கொண்டு, தன் முறைக்காகக் காத்திருந்தாள்.