பச்சைக்குள் பச்சை

புக்கிட் பெலிம்பிங்கில் அந்த வீட்டை செரீனா வாடகைக்கு எடுத்ததற்கு ஒரே காரணம், அதற்குப் படிக்கட்டு கிடையாது. ரவாங்கில் அவள் இருந்தது அடுக்குமாடி. லிஃப்ட் பாதி நாள் ஓடாது. ஸ்ட்ரோக் வந்து வலது பக்கம் முழுவதும் செத்துப்போன அப்பா லூகாஸைச் சக்கர நாற்காலியோடு தூக்கி ஏற்றி இறக்கி அவளுக்கு இடுப்பு விட்டுப்போயிற்று. இந்த வீடு செம்பனைத் தோட்டத்தின் ஓரத்தில், எப்போதோ தோட்டத்தில் கணக்கெழுதிய கிராணிக்காகக் கட்டிய கல்வீடு. தரையோடு தரையாக அகலமான வாசல். அவள் வேலை செய்யும் பாலர் பள்ளியும் பக்கம்தான்.

சுங்கை சோவிலிருந்து அண்ணன் எர்னஸ்ட் லோரி பிடித்து வந்து சாமான்களை இறக்கினான். ஜன்னல் இருந்த அறையில் அப்பாவின் கட்டிலைப் போட்டார்கள். உயிருள்ள இடது கை அறைப்பக்கம் இருக்கட்டும் என்று, செத்த வலது பக்கத்தைச் சுவரை ஒட்டி வைத்தார்கள்.

சுவர் வெளிர்பச்சை. வெற்றிலையின் அடிப்புறம் இருக்குமே, அந்தப் பச்சை. கதவுக்குப் பக்கத்தில் மட்டும், தரையில் உட்கார்ந்தவர் தலை படுகிற உயரத்தில், கறுத்த வட்டம் ஒன்று இருந்தது. எண்ணெய் வைத்த தலையோடு யாரோ தினமும் ஒரே இடத்தில் சாய்ந்து உட்கார்ந்ததால் விழுந்த பிசுக்கு. எந்த வீட்டில்தான் இல்லை?

அப்பா அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஸ்ட்ரோக்குக்குப் பிறகு அவரிடம் மிஞ்சியது ஒரே ஒரு சொல். பசிக்குதாப்பா என்றாலும் "இல்ல". வலிக்குதா என்றாலும் "இல்ல". சந்தோஷத்துக்கும் அதுதான், கோபத்துக்கும் அதுதான். குரலை வைத்துத்தான் செரீனா அர்த்தம் கண்டுபிடிப்பாள். அந்தக் கறையைப் பார்த்து அவர் "இல்ல, இல்ல" என்று முனகிய குரல் மட்டும் அவளுக்குப் பிடிபடவில்லை. சுத்தக்காரர், அழுக்கு பிடிக்கவில்லை போலும் என்று எடுத்துக்கொண்டாள்.

வீட்டுக்காரரிடம் கேட்டபோது, "முழுசா அடிக்காதம்மா, இருக்கிற கலரிலேயே ஒட்டுப் போட்டுக்க" என்றார். அவர் கொடுத்த கலர் நம்பரைச் சொல்லி ஒரு சின்ன டின் சாயம் வாங்கி வந்து பூசினாள். காய்ந்ததும் பார்த்தால் சுண்ணாம்பு கலந்த மாதிரி வெளுத்துப்போய், கறையைவிட மோசமாகத் தெரிந்தது. சுவரிலிருந்து ஒரு சில்லைப் பெயர்த்து எடுத்துக்கொண்டு கோல சிலாங்கூர் டவுனுக்குப் போனாள்.

சாயக்கடை செல்வா அந்தச் சில்லை வெயிலில் பிடித்துப் பார்த்தான்.

"இந்தக் கம்பெனி இப்ப இல்லக்கா. நம்பரைச் சொல்லி வேற கம்பெனில வாங்கினா ஒத்துக்காது. ஒவ்வொருத்தனுக்கும் ஒரு பச்சை. மெஷின்ல வெச்சு கலந்து தர்றேன், அச்சு அசலா வரும்."

"வித்தியாசமே தெரியாதா?"

"நேரா நின்னு பாத்தா தெரியாது. பக்கவாட்டுல வெயில் அடிச்சாதான் மாட்டிக்கும். கலர் ஒண்ணா இருந்தாலும் மினுமினுப்பு வேற லா." சில்லைத் திருப்பித் தந்துவிட்டு விரலைச் சட்டையில் துடைத்தான். பிறகு விரலை முகர்ந்து பார்த்தான். "என்னக்கா இது, தேங்காயெண்ணெய் வாசம் அடிக்குது?"

அந்தச் சாயம் பொருந்தியது. கறை இருந்த இடம் எது என்று செரீனாவுக்கே தெரியவில்லை.

மறுநாள் பாலர் பள்ளியிலிருந்து வந்து பார்த்தபோது கறை திரும்ப வந்திருந்தது.

பழைய இடத்தில் இல்லை. கட்டிலின் பக்கம் கொஞ்சம் தள்ளி வந்திருந்தது.

ஊறி வெளியே வந்திருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தாள், பூசினாள். அடுத்த முறை அது கதவுக்கும் கட்டிலுக்கும் நடுவே இருந்தது. மறுபடியும் பூசினாள். அப்பா சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டார். சுவரைப் பார்க்காமல் தலையை இடது பக்கமாகத் திருப்பியே வைத்திருந்தார், கழுத்து நரம்பு புடைக்க.

காலையில் அப்பாவைப் பார்த்துக்கொள்வது பக்கத்து வீட்டு விஜயராணி. அவள் அந்த அறைக்குள் உட்காரவே மாட்டாள். வந்ததும் வராததுமாக லூகாஸை நாற்காலியில் ஏற்றி வெளியே, கொய்யா மரத்தடிக்குத் தள்ளிக்கொண்டு போய்விடுவாள். காற்றோட்டத்துக்கு என்றுதான் செரீனா நினைத்திருந்தாள். டின்னும் பிரஷ்ஷுமாக அவளைப் பார்த்ததும் விஜயராணியின் முகம் மாறிவிட்டது.

"நீயும் பூச ஆரம்பிச்சிட்டியா?"

"நீயும்னா? வேற யாருக்கா பூசினாங்க?"

விஜயராணி குரலைத் தாழ்த்தினாள். "வந்தவங்க எல்லாருந்தான். படி இல்லாத வீடுல்ல, படுக்கையில கெடக்கிறவங்களைத்தான் கூட்டிக்கிட்டு வருவாங்க. எல்லாரும் கலர் தேடி அலைவாங்க."

"இங்க யாராச்சும் செத்துப்போனாங்களாக்கா?"

"யாரும் சாகல. காலி பண்ணிட்டுப் போயிடுவாங்க, அவ்வளவுதான்." நாற்காலியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "அவங்க போனப்புறம் கொஞ்ச காலம் இந்த வீடு அமைதியா இருக்கும்."

அன்று மதியத்துக்கு மேல் மழை பிடித்துக்கொண்டது. செம்பனை மட்டைகளில் மழை விழுகிற சத்தத்தில் வேறு எதுவும் கேட்கவில்லை. கறை இப்போது கட்டிலின் கால்மாட்டுக்கு வந்துவிட்டிருந்தது. செரீனா அதன்மேல் பச்சையைத் தடவினாள். அப்பா கண்ணை மூடிக்கொண்டிருந்தார். பிரஷ்ஷைக் கழுவ அடுப்படிக்குப் போனாள். குழாயைத் திறந்தாள், மூடினாள். திரும்பி வந்தாள்.

அறை முழுக்க தேங்காயெண்ணெய் வாசம். வெயிலில் வைத்த எண்ணெய் போல, சூடான வாசம்.

ஈரச் சாயத்தில் குழி விழுந்திருந்தது.

குனிந்து பார்த்தாள். குழிக்குள் மெல்லிய கோடுகள். சீப்பால் வாரியது போல, வரிவரியாக. நடுவில் வகிடு.

ஒரு தலை அங்கே இப்போதுதான் சாய்ந்திருக்கிறது. இப்போதுதான் எழுந்திருக்கிறது.

செரீனாவின் கையிலிருந்து பிரஷ் விழுந்தது. அப்பாவின் மூடிய கண்களிலிருந்து நீர் வழிந்து காதுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. அவள் அவருடைய இடது கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பா," என்றாள் மெதுவாக. "இந்த ரூம்ல வேற யாராச்சும் இருக்காங்களா?"

எல்லாவற்றுக்கும் அந்த ஒரு சொல்லையே சொல்கிறவர். நாள் முழுக்கச் சொல்கிறவர்.

அவர் அதைச் சொல்லவில்லை.

வாயைத் திறக்கவே இல்லை.

மழை விட்டது. மேகம் கிழிந்து சாயங்கால வெயில் ஜன்னல் வழியாக உள்ளே விழுந்தது, சுவரைப் பக்கவாட்டில் உரசிக்கொண்டு. செரீனா நிமிர்ந்து பார்த்தாள்.

சுவர் முழுக்க ஒட்டுகள்.

கதவிலிருந்து கட்டில் வரை, ஒரே உயரத்தில், ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டு வரிசையாக வந்தன. அவள் பூசியவை சில. மீதியெல்லாம் மற்றவர்கள் பூசியவை. ஒன்று மெழுகு மாதிரி மினுங்கியது, ஒன்று தூசு மாதிரி மங்கிக் கிடந்தது, ஒன்றில் ரோலரின் புள்ளிகள், ஒன்றில் கைவிரலால் தேய்த்த தடம். எத்தனை கம்பெனிகள், எத்தனை டின்கள். எத்தனை பேர் இதே மாதிரி சில்லைப் பெயர்த்துக்கொண்டு கடைக்கு ஓடியிருக்கிறார்கள். நேராகப் பார்த்தபோது எல்லாம் ஒரே பச்சையாக இருந்தது. வெயில் அத்தனையையும் காட்டிக்கொடுத்தது.

வரிசை அப்பாவின் தலையணைக்கு நேராக வந்து முடிந்திருந்தது.

அதற்கு அப்புறம் சுவரில் எதுவும் இல்லை. ஏன் அங்கே முடிகிறது என்று யோசிக்க அவளுக்கு அப்போது தெம்பில்லை.

"அண்ணே, இப்பவே வா," என்று போனில் கத்தினாள். "கேள்வி கேக்காத. வா."

எர்னஸ்ட் வரும்வரை அப்பாவைக் கொய்யா மரத்தடியில் வைத்து, அவர் முன்னால் மண்டியிட்டு ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தாள். விஜயராணி வேலிக்கு அந்தப்பக்கம் நின்று பார்த்தாள். உதவிக்கு வரவில்லை. வண்டி கிளம்பியபோது சிலுவை போட்டுக்கொண்டாள். அவள் இந்து.

சுங்கை சோவில் எர்னஸ்ட் வீடு சின்னது. பிள்ளைகள் கூடத்தில் படுத்துக்கொண்டு தாத்தாவுக்கு அறையைக் கொடுத்தார்கள். அந்த அறைச் சுவர்கள் முழுக்க வெள்ளை ஓடு பதித்தவை. செரீனா ஒவ்வொரு ஓடாகத் தடவிப் பார்த்தாள். ஒன்றிலும் கறை இல்லை. அன்று அவள் அப்பாவின் பக்கத்திலேயே பாய் போட்டு, விளக்கை அணைக்காமல் படுத்தாள். ஒன்றும் நடக்கவில்லை. விடிந்ததும் மறுபடி ஓடுகளைப் பார்த்தாள். பளிச்சென்று இருந்தன.

அப்பாடா என்று அழுதே விட்டாள். எர்னஸ்ட் காப்பி கலந்து கொடுத்துக் கேலி செய்தான். "சாயத்தை மோந்து மோந்து உனக்குத் தலை சுத்திருச்சு. சுவரு ஊறினா கறை வரத்தான் செய்யும்." அவளும் சிரித்தாள். சிரித்து எத்தனையோ நாள் ஆகியிருந்தது.

காலை வெயிலில் அப்பாவை நாற்காலியில் உட்காரவைத்துச் சட்டை மாற்றப் போனாள். அவர் தலையை இடது பக்கமாகத் திருப்பி வைத்திருந்தார். கழுத்து நரம்பு புடைத்திருந்தது.

"அப்பா, இங்க பாருங்கப்பா. நாம வந்துட்டோம்."

அவர் திரும்பவில்லை.

பித்தானைக் கழற்றும்போதுதான் கண்ணில் பட்டது. வெள்ளைச் சட்டை. வலது தோளில், எலும்புக்கு மேலே, கறுத்த வட்டம். செரீனா விரலை வைத்தாள். ஈரமாக இருந்தது. வெதுவெதுப்பாக இருந்தது.

"அண்ணே," என்று கூப்பிட்டாள். "அப்பாவுக்கு யாராச்சும் எண்ணெய் தேச்சீங்களா?"

"எங்க தேய்க்கிறது? அவருக்குத்தான் முடியே இல்லையே!" அடுப்படியிலிருந்து எர்னஸ்ட் சிரித்தான்.

செரீனா சிரிக்கவில்லை. அப்பாவின் வலது தோளையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஸ்ட்ரோக் வந்த நாளிலிருந்து ஒரு தடவைகூட அசையாத தோள்.

அது மெல்ல, மிக மெல்ல, ஏதோ ஒரு பாரத்தை வாங்கிக்கொண்டது போலக் கீழே இறங்கியது.