கருவாட்டுக் கிடங்கில் ஒரு குண்டு

போன் அலறியது.

"சார்... பட்டினப்பாக்கம் கருவாட்டுக் கிடங்குல வெடிகுண்டு!"

கட்!

இருபதாவது நிமிடம் இன்ஸ்பெக்டர் ஸ்ரீநாத் அங்கே இருந்தார். இரண்டாம் உலக யுத்த காலத்தில் ராணுவம் வெடிமருந்து பூட்டி வைத்த கட்டடம். இப்போது பதினோரு பெண்கள் கருவாடு அடுக்கி வைக்கிறார்கள். அந்த வாசனைக்கே எதிரிப் படை ஓடிவிடும்!

நுழையப் போனவரை ஒரு கை மறித்தது. கெங்கம்மா. அந்தப் பதினோரு பேருக்கும் தலைவி.

"பூட்ஸ கயட்டு நைனா!"

"உள்ள பாம் இருக்கும்மா!"

"இருந்தா இன்னா? எங்க மாமியா காலத்துலேர்ந்து செருப்போட ஒருத்தரும் உள்ள போனதில்ல. அம்மன் காவல் கீது!"

ஸ்ரீநாத் பல்லைக் கடித்தபடி கழற்றினார். சாக்ஸில் பொத்தல். கூட்டம் கெக்கலித்தது.

உள்ளே, உப்பு மூட்டைக்குப் பின்னால்...

குண்டு!

வெடிகுண்டு நிபுணர் வேதநாயகம் வெறுங்காலோடு குனிந்தார்.

வாசலிலிருந்து அசோகன் கத்தினான். இடத்துச் சொந்தக்காரரின் மேனேஜர்.

"ராணுவம் விட்டுட்டுப் போனது சார்! இன்னும் எத்தனை புதைஞ்சிருக்கோ! இன்னைக்கே சீல் வைங்க. இடிச்சிடலாம்!"

கெங்கம்மாவின் முகம் செத்துப்போனது.

"சீல் வெச்சா பதினோரு வூட்லயும் அடுப்பு எரியாது நைனா..."

வேதநாயகம் சுவரில் டார்ச் அடித்தார். மங்கிய ஆங்கில எழுத்துகள்.

"சார், இதைப் படிங்க! 'ஆணி அடித்த பூட்ஸுடன் நுழையாதே. தீப்பொறி பறக்கும்.' அம்மனும் இல்ல, ஒண்ணும் இல்ல. எவனோ வெள்ளைக்கார மேஜர் போட்ட ஆர்டர்!"

ஸ்ரீநாத் சிரித்தார். சட்டென்று நிறுத்தினார்.

தரையில் உப்புத் தூள். அதன் மேல் எல்லாமே வெறுங்கால் தடங்கள். நடுவே மட்டும்...

ஷூ தடம்!

வாசலிலிருந்து குண்டு வரை. குண்டிலிருந்து வாசல் வரை. வலது குதிகாலில் ஒரு வெட்டு.

வெளியே வந்தார்.

"அசோகன், வலது காலைத் தூக்குங்க."

"எ... எதுக்கு சார்? நான் உள்ளயே போகல..."

"தூக்குய்யா!"

அதே வெட்டு! அதற்குள் கொஞ்சம் உப்பு... ஒரு நெத்திலித் தலை!

"டம்மி சார்! சினிமா செட்டுல வாங்கினது! இவங்க காலி பண்ணினா ஃபிளாட் கட்டலாம்னு... போன் பண்ணினதும் நான்தான்..."

"வெறும் தகரம் சார்!" உள்ளேயிருந்து வேதநாயகம்.

அசோகன் ஜீப்பில் ஏறினான். கெங்கம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

"அம்மனோ, மேஜரோ... திருடனப் புடிச்சிக் குட்த்துச்சி பாரு! வெள்ளிக்கெயம கெடங்குக்கு உள்ளாற மேஜருக்கு ஒரு சூடம் கொளுத்திடறேன் நைனா!"

ஸ்ரீநாத் பூட்ஸை மாட்டிக்கொண்டே சொன்னார்.

"வாசல்லயே கொளுத்தும்மா. உள்ள நெருப்பைக் கண்டா மேஜர் கோவிச்சுக்குவார்!"